ஸ்பானிய நாவலாசிரியர்களின் பத்திகள்: யாரிடம் தொடங்குவது?

ஸ்பானிய மொழி ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் நாவலை எடுத்தால் ஐம்பதாம் பக்கத்தில் மூச்சு முட்டுகிறது, செய்தியைப் படித்தால் சலிப்புத் தட்டுகிறது. இந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஒரு நாவலாசிரியரின் பத்திரிகைப் பத்தியைப் பிடித்துக்கொண்டு வாரா வாரம் படியுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும், எழுதியவரோ வாக்கியம் அமைக்கத் தெரிந்தவர். தேர்வுக்கும் பஞ்சமில்லை. அந்த நாட்டில் பெயர் பெற்ற நாவலாசிரியர்களில் ஏதாவது ஒரு நாளிதழிலோ வார இணைப்பிலோ பத்தி எழுதாமல் காலம் தள்ளியவர்கள் குறைவு.

அவர்களில் யாரை எடுப்பது என்பதுதான் சிக்கல். விருதுகளை வைத்து முடிவுசெய்ய முடியாது, எல்லோரிடமும் விருது இருக்கிறது. கருத்துகளை வைத்தும் முடிவுசெய்ய முடியாது, கருத்துக்குத்தான் ஆயுள் குறைவு. பத்தாண்டுகளுக்கு முந்தைய மத்ரித் மேயரைத் திட்டிய பத்தியில் மேயர் இன்று யாருக்கும் வேண்டாம். நான் பார்ப்பது அந்தப் பத்தியில் 'நான்' என்று பேசுகிறவர் யார் என்பதை. கதை எழுதிப் பழகிய கை, பத்தியிலும் தன்னையறியாமல் ஒரு கதைசொல்லியை உருவாக்கிவிடுகிறது. வாரா வாரம் நாம் கூட உட்காரப்போவது அந்த ஆளோடுதான்.

இது இன்று நேற்று வந்த வழக்கமும் அல்ல. 1833இல் மரியானோ ஹோசே தெ லார்ரா எழுதிய 'நாளை வாருங்கள்' என்ற கட்டுரையை ஸ்பானியர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பதினைந்து நாளில் காரியத்தை முடித்துவிடலாம் என்று நம்பி மத்ரித் வரும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, ஆறு மாதம் கழித்து வெறுங்கையோடு ஊர் திரும்புகிறார். (தாலுகா அலுவலக வாசலில் நின்றவர்கள் அடிக்குறிப்பு இல்லாமலே அதைப் படிக்கலாம்.) லார்ரா அதைத் தன் பெயரில் எழுதவில்லை, ஒரு கற்பனைப் பட்டதாரியின் பெயரில் எழுதினார். ஆக, பத்தியில் பேசுகிறவர் வேடம் கட்டியவராக இருக்கலாம் என்ற உடன்பாடு அங்கே ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழையது.

தேர்வில் முதலில் எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஹவியேர் மரியாஸ். 2022 செப்டம்பரில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் 'எல் பயீஸ்' நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 'லா சோனா ஃபந்தாஸ்மா' என்ற பத்தியை எழுதினார். அதற்கு முன் 'எல் செமனால்' என்ற வேறொரு வார இணைப்பில் எழுதிக்கொண்டிருந்தார். கத்தோலிக்கத் திருச்சபையைச் சாடிய ஒரு கட்டுரையை அவர்கள் வெளியிட மறுத்தபோது அங்கிருந்து வெளியேறி, 2003இல் எல் பயீஸுக்கு வந்தார். அவருடைய குணத்தை அறிய இந்த ஒரு செய்தி போதும். இன்னொன்றும் வேண்டுமானால்: 2012இல் தேசிய நாவல் விருது அறிவிக்கப்பட்டது, இருபதாயிரம் யூரோ பரிசு. அரசு நிறுவனங்களிடமிருந்து எதையும் பெறுவதில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். அரசுகளை, எந்தக் கட்சி அரசாக இருந்தாலும், வாரா வாரம் வறுத்தெடுத்தவர் அவர்களின் காசோலையை வாங்கினால் மறுவாரம் எப்படி எழுதுவது?

மத்ரித் நகரின் பழைய நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே குடியிருந்தார். ஓயாத சாலைத் தோண்டல், இரைச்சல், புனித வார ஊர்வலங்கள், புகைபிடிப்பவர்களைத் துரத்தும் சட்டங்கள், மோசமான மொழிபெயர்ப்பு, தொலைக்காட்சியில் கேட்கும் கொச்சையான ஸ்பானிய மொழி என்று அவருடைய எரிச்சல்களின் பட்டியல் நீளம். கணினியைத் தொடாமல் தட்டச்சுப்பொறியில் எழுதினார். கால்பந்து பற்றி எழுதும்போது மட்டும் ரியல் மத்ரித் ரசிகரான சிறுவன் ஒருவன் எட்டிப் பார்ப்பான். அந்தக் கட்டுரைகள் தனிப் புத்தகமாகவே வந்தன.

அவருடைய நாவல் வாசகர்களுக்கு இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. நாவல்களில் அவருடைய கதைசொல்லி எதையும் உறுதியாகச் சொல்லமாட்டான். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, திருத்தி, 'அல்லது இப்படியும் இருக்கலாம்' என்று கிளை பிரிந்து, அரைப் பக்கம் கழித்து முற்றுப்புள்ளிக்கு வருவான். பத்தியில் வாக்கியம் அதே நீளம், அதே வளைவு. ஆனால் சந்தேகம் மட்டும் காணாமல் போய்விடும். பேசுகிறவருக்கு எல்லாம் தெரியும், பிழை உலகத்தின் மீதுதான். சில வாரங்களில் இது பெரும் சுகம். தொடர்ந்து ஐந்து வாரம் படித்தால் ஒரு சிடுசிடுப்பான பெரியப்பா வீட்டில் தங்கியிருப்பது போல ஆகிவிடும். கடைசிப் பத்தாண்டுகளில், குறிப்பாகப் பெண்ணியம் பற்றி எழுதியவற்றுக்காக, இளைய வாசகர்களிடம் நிறையவே வாங்கிக் கட்டிக்கொண்டார். ஸ்பானிய உரைநடை எவ்வளவு தூரம் வளையும் என்று பார்க்க அவரைவிட நல்ல ஆசான் இல்லை என்பேன். ஆனாலும் அவரிடம் தொடங்கச் சொல்லமாட்டேன். மொழி கற்பவருக்கு அந்தத் துணைவாக்கியங்களின் அடுக்கு வேலியாக நிற்கும். கற்றுத் தேர்ந்தவருக்கோ, முதலில் பத்தி, பிறகு நாவல் என்று போனால் அந்த நாவலாசிரியரைப் பற்றித் தவறான படம் மனதில் விழும்.

மரியாஸும் அர்த்துரோ பெரெஸ்-ரெவெர்த்தேயும் ஒரே ஆண்டில், 1951இல் பிறந்தவர்கள். தொண்ணூறுகளில் அதே எல் செமனால் இணைப்பில் இருவரும் எழுதினார்கள், நண்பர்கள். மரியாஸ் போன பிறகும் ரெவெர்த்தே அங்கேயே நின்றார். இப்போது 'எக்ஸ்எல் செமனால்' என்று பெயர் மாறிய அந்த இணைப்பில் அவருடைய பத்தியின் பெயர் 'பத்தேந்தே தெ கோர்சோ': எதிரிக் கப்பல்களைக் கொள்ளையடிக்க அரசன் தந்த உரிமச்சீட்டு. எழுதுகிறவர் என்ன வேடத்தில் வருகிறார் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் போர்முனைச் செய்தியாளராக இருந்துவிட்டு, கேப்டன் அலாத்ரிஸ்தே நாவல் வரிசையால் புகழ்பெற்றவர். பத்தியில் கடலோடியும் பழைய போர்வீரனும் கலந்த ஒருவன் மதுக்கடை முகப்பில் சாய்ந்து நின்று பேசுகிறான். வசைச்சொற்களுக்குக் குறைவில்லை, எந்த வகுப்பிலும் சொல்லித்தராத ஸ்பானிய மொழியை இவரிடம் கற்கலாம், ஆனால் கற்றதை எங்கே பயன்படுத்துவது என்பதில் கவனம் தேவை.

இவரிடம் எனக்குப் பிடித்தது கோபம் அல்ல, அதைப் பலர் செய்கிறார்கள். 2013 தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு மேல், இடையிடையே, ஸ்பெயினின் வரலாற்றைப் பழங்குடிகள் காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பத்திகளாகவே சொல்லி முடித்தார். 2019இல் புத்தகமானது. வரலாற்றாசிரியர்கள் நெற்றி சுருக்கும் இடங்கள் அதில் உண்டு. ஆனால் மன்னர் பெயர்களைக் கேட்டாலே தூங்கிவிடுகிற வெளிநாட்டு வாசகருக்கு அது ஒரு வாசல். வாராந்தரப் பத்தியாக இவரைப் பின்தொடர்வதைவிட அந்தத் தொகுப்பைப் படிப்பது மேல். தனித்தனியாக வரும்போது ஒரே குரல் ஒரே சுருதியில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

இனி என் வேட்பாளர். ஹுவான் ஹோசே மில்யாஸ், பிறப்பு 1946, வலென்சியா. நெடுங்காலமாக எல் பயீஸின் கடைசிப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் எழுதிவருகிறார். சுஜாதாவுக்காகக் 'கணையாழி'யைப் பின்னாலிருந்து புரட்டிய தலைமுறைக்கு, ஒரு நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவர்களின் மனநிலை புரியும். மில்யாஸின் பத்தி மிகச் சிறியது. செய்தியோடு தொடங்கும், அல்லது டாக்சியில் கேட்ட பேச்சோடு, அல்லது வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனதோடு. மூன்றாவது வாக்கியத்தில் ஏதோ ஒன்று இடம் பெயர்ந்துவிடும். உடல் தனி, அதில் குடியிருப்பவர் தனி என்று ஆகிவிடும். நாம் படிப்பது கட்டுரை அல்ல, கதை என்று தெரியும்போது பத்தி முடிந்திருக்கும். கட்டுரைக்கும் கதைக்கும் இடைப்பட்ட இந்த வடிவத்துக்கு 'ஆர்த்திகுவெந்தோ' என்று அவரே பெயர் வைத்தார். 2001இல் அந்தப் பெயரிலேயே ஒரு தொகுப்பு வந்தது. பிறகு 2011இல் முழுத் தொகுப்பு.

இவரைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள் சொல்வேன், மூன்றாவதுதான் முக்கியம். சொற்கள் எளியவை: அலமாரி, படுக்கை, தொலைபேசி, மருத்துவர், அம்மா. வாக்கியங்கள் குட்டையானவை. மூன்றாவது, அவை கெட்டுப்போவதில்லை. செய்தியிலிருந்து தொடங்கினாலும் செய்தியை நம்பி நிற்பதில்லை என்பதால், தொண்ணூறுகளில் எழுதிய பத்தியை அன்றைய ஸ்பானிய அரசியல் எதுவும் தெரியாத ஒருவர் இன்று படித்தாலும் ஒன்றும் விட்டுப்போகாது. மரியாஸின் தொகுப்பில் நான்கில் ஒரு பங்கையாவது இப்படிச் சொல்ல முடியாது. மேலும், மில்யாஸின் பத்திக்கும் நாவலுக்கும் இடையே சுவர் இல்லை. 2016இல் வந்த 'தெஸ்தே லா சோம்ப்ரா' நாவலில் ஒருவன் பழம்பொருள் சந்தையில் ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறான், அலமாரி விலைபோகிறது, அவனோடு சேர்ந்து ஒரு குடும்பத்தின் படுக்கையறைக்குப் போய்ச்சேர்கிறது. இது அவருடைய வெள்ளிக்கிழமைப் பத்தி ஒன்று நீண்டு வளர்ந்தது போலவே இருக்கும்.

குறையும் உண்டு. ஸ்பெயினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வருகிறவருக்கு மில்யாஸ் கிட்டத்தட்ட எதுவும் தரமாட்டார். அவருடைய மத்ரித் எந்த ஊராகவும் இருக்கலாம்.

ஸ்பெயின் வேண்டும், ஆனால் திட்டு வேண்டாம் என்பவர்களுக்கு ஹவியேர் செர்காஸ். பத்தியிலிருந்து நாவல் எப்படிப் பிறக்கிறது என்பதை இவரிடம்தான் கண்ணெதிரே பார்க்கலாம். 1999 மார்ச்சில், கவிஞர் அந்தோனியோ மச்சாதோ இறந்த அறுபதாம் ஆண்டையொட்டி, எல் பயீஸில் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பானிய உள்நாட்டுப் போரின் (1936–39) கடைசி வாரங்கள். தோற்ற குடியரசுத் தரப்பின் கவிஞர் எல்லை தாண்டிப் போய்ப் பிரான்சின் கொலியூர் என்ற கடலோர ஊரில் இறக்கிறார். ஏறத்தாழ அதே நாட்களில், எல்லையின் இந்தப் பக்கத்தில், ஃபலாங்கே என்ற பாசிசக் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான ரஃபேல் சாஞ்செஸ் மாசாஸ் கூட்டமாகச் சுட்டுக்கொல்லப்படுவதிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடுகிறார். தேடி வந்த குடியரசுப் படைவீரன் அவரைக் கண்ணுக்குக் கண் பார்த்துவிட்டு, இங்கே யாருமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். கட்டுரை அந்த இரண்டையும் அருகருகே வைத்தது. 2001இல் வந்த 'சொல்தாதோஸ் தெ சலமினா' நாவல் அந்தப் படைவீரனைத் தேடிப் போகிறது. கட்டுரை முழுவதும் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. நாவலைப் பெருவாரியான வாசகர்களிடம் கொண்டுபோனதில் இன்னொரு நாவலாசிரியரின் பத்திக்கும் பங்குண்டு: அதே ஆண்டு செப்டம்பரில் மரியோ வர்காஸ் யோசா, எல் பயீஸில் தாம் எழுதிவந்த பத்தியை அந்தப் புத்தகத்துக்குக் கொடுத்தார்.

பிறகு செர்காஸ் எல் பயீஸின் ஞாயிறு இணைப்பில் 'பாலோஸ் தெ சியேகோ' என்ற பத்தியை எழுதினார். தெளிவானவை, வாதம் ஒழுங்காக நகரும், கற்பவருக்கு உகந்தவை. கத்தலோனியப் பிரிவினை பற்றி அவர் எழுதியவற்றில் மட்டும் அந்தத் தெளிவு கொஞ்சம் பிடிவாதமாக மாறிவிடுகிறது. பின்னணி தெரியாதவர் அவற்றைத் தாண்டிச் செல்லலாம். ஸ்பானிய மொழி அகாதமியில் மரியாஸ் இறந்ததால் காலியான 'ஆர்' (R) எழுத்து இருக்கைக்கு 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இவர்தான்.

பத்தியில் நாவலாசிரியன் எவ்வளவு புனையலாம் என்ற சண்டையிலும் இவர் பெயர் அடிபட்டது. 2011 ஜனவரியில் புகைபிடித்தல் தடைச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பேராசிரியர் ஃபிரான்சிஸ்கோ ரீகோ எல் பயீஸில் அதை எதிர்த்து எழுதி, தம் வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை என்று முடித்தார். அவர் விடாமல் புகைப்பவர் என்பது தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். வாசகர்கள் கொதித்தார்கள். செர்காஸ் அவருக்காகப் பரிந்து எழுதி, பத்திரிகை எழுத்திலும் கொஞ்சம் கற்பனைக்கு இடமுண்டு என்ற பக்கம் நின்றார். உடனே போட்டி நாளிதழின் பத்தியாளர் ஒருவர், செர்காஸைப் பற்றியே முழுப் பொய்யான ஓர் அவதூறுச் செய்தியைத் தம் பத்தியில் எழுதினார். கற்பனைக்கு இடமுண்டு என்றீர்களே, இதோ என்பது போல. செர்காஸ் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பார்வையில் செர்காஸ், அந்தப் பத்தியாளர் இருவர் வாதமும் ஒரே இடத்தில் சறுக்கியது. மில்யாஸ் தன் உடலிலிருந்து கழன்று போனதாகச் சொல்லும்போது யாரும் ஏமாறுவதில்லை, ஏனென்றால் வேடம் முதல் வரியிலேயே தெரிகிறது. ரீகோவின் கடைசி வரியில் வேடம் தெரியவில்லை. பத்தியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் பார்ப்பது நல்லது: எங்கே பொய் சொல்கிறார் என்பதை அவரே நமக்குக் காட்டிவிடுகிறாரா?

காட்டிக்கொண்டே பொய் சொல்வதில் எல்விரா லிண்டோவை மிஞ்ச ஆளில்லை. 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் கோடைதோறும் எல் பயீஸில் வந்த அவருடைய 'தின்தோ தெ வெரானோ' பத்திகளில், எல்லாவற்றிலும் சொதப்புகிற ஒரு எழுத்தாளினியும், 'என் புனிதர்' என்று அவள் குறிப்பிடுகிற அறிவுஜீவிக் கணவரும் விடுமுறைக் காலத்தைக் கழிக்கிறார்கள். அந்தக் கணவர், நிஜ வாழ்வில், நாவலாசிரியர் அந்தோனியோ முஞோஸ் மொலினா. வானொலியில் எழுதிப் பழகியவர் என்பதால் லிண்டோவின் வசனங்கள் காதில் ஒலிக்கும். பேச்சு ஸ்பானிய மொழியைப் பிடிக்க இவரைப் போல் யாரும் உதவமாட்டார்கள். சிரிப்பு பாதி அந்த ஆண்டுகளின் பிரபலங்களை நம்பி நிற்பதுதான் தடை.

'புனிதர்' தரப்பு வேறு மாதிரி. முஞோஸ் மொலினா கிரனாதா நகராட்சியில் வேலை பார்த்துக்கொண்டு உள்ளூர் நாளிதழில் எழுதியவர்; அந்தப் பத்திகளின் தொகுப்புதான் 1984இல் வந்த அவருடைய முதல் புத்தகம். பிற்பாடு எல் பயீஸின் இலக்கிய இணைப்பான 'பாபேலியா'வில் சனிக்கிழமைகளில் ஓவியக் கண்காட்சி, ஜாஸ் இசை, மறந்துபோன ஒரு புத்தகம் என்று எழுதினார். நடந்துகொண்டே யோசிக்கிற ஒருவரின் நிதானம். கோபம் அரிது, பகட்டு இல்லை. ஓவியத்திலோ இசையிலோ ஏற்கெனவே ஈடுபாடு உள்ளவருக்கு இவர் முதல் தேர்வாகவே இருக்கலாம். மற்றவர்களுக்கு மெதுவாகத் தோன்றும்.

ரோசா மொந்தேரோவையும் அல்முதேனா கிராந்தேஸையும் சேர்த்து ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், இருவரும் அதற்காக என்னை மன்னிக்க வேண்டியதில்லை. மொந்தேரோவும் 1951இல் பிறந்தவர். எல் பயீஸ் தொடங்கிய 1976லிருந்தே அங்கே எழுதுகிறார். அவர் வேடம் கட்டுவதில்லை. விலங்குவதை, அரிய நோய்கள், யாரும் கவனிக்காத ஒரு குடும்பத்தின் கடிதம் என்று நேராக விஷயத்துக்கு வருவார். மொழி தெளிந்த நீர், தொடக்கநிலை வாசகரும் அகராதி இல்லாமல் ஓட்டலாம். நாவலாசிரியரைவிடப் பத்திரிகையாளர்தான் அங்கே பேசுகிறார் என்பதால் என் அளவுகோலில் பின்னுக்குப் போகிறார். கிராந்தேஸ் 2021 நவம்பரில் இறக்கும்வரை எல் பயீஸின் கடைசிப் பக்கத்தில் திங்கட்கிழமைகளில் எழுதினார். இடதுசாரிச் சார்பை மறைக்காத, உள்நாட்டுப் போரின் நினைவை விடாத பத்திகள். நாவல்களைப் படித்த பிறகு அவற்றுக்கு வாருங்கள்.

நடைமுறைச் செய்திகள் சில. எல் பயீஸ் 2020 மே மாதத்திலிருந்து சந்தா கேட்கிறது. மாதத்துக்குச் சில கட்டுரைகளுக்கு மேல் இலவசமாகப் படிக்க முடியாது. ரெவெர்த்தேயின் பத்திகள் அவர் பங்கேற்கும் 'செந்தா' இலக்கியத் தளத்திலும் கிடைக்கின்றன, கட்டணம் இல்லை. செலவு பார்க்கிறவர் இதற்காகவே அவரிடம் போகலாம், நான் குறைசொல்லமாட்டேன். ஸ்பானிய மொழி தெரியாமல் ஆங்கிலம் வழியாக வருகிறவருக்குத் தேர்வு சுருங்கிவிடுகிறது. மரியாஸின் கட்டுரைகளில் ஒரு தேர்வை மார்கரெட் ஜுல் கோஸ்தா மொழிபெயர்த்து 2017இல் ஒரு தொகுப்பு வந்திருக்கிறது. அந்த வளைந்த வாக்கியங்கள் அவர் கையில் உடையாமல் வந்துசேர்ந்திருக்கின்றன. செர்காஸின் நாவல் ஆன் மெக்லீன் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது, கட்டுரையும் அதற்குள் இருக்கிறது என்பதால் ஒரே விலையில் பத்தியும் நாவலும்.

ஸ்பானிய மொழியிலேயே படிக்கிறவர் ஒரே ஒரு புத்தகம் வாங்குவதானால் மில்யாஸின் 2011 முழுத் தொகுப்பு. வரிசையாகப் படிக்க வேண்டாம். நாளைக்கு இரண்டுக்கு மேல் எடுத்தால் தந்திரம் தெரிந்துவிடும். ஓர் ஆண்டு கழித்து மரியாஸுக்குப் போங்கள், அப்போதும் கால்பந்துக் கட்டுரைகளிலிருந்து.